என்றென்றும் என்று பெயர் வைத்த பனி

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகையில் இருக்கிறது. தெற்கே ஏறத்தாழ 4 பாகையில், அண்டை நாடான இந்தோனேசியாவின் பாப்புவாவில், உச்சியில் பனி படர்ந்த மலை ஒன்று உண்டு. பெயர் புஞ்சாக் ஜெயா. உயரம் 4,884 மீட்டர். 1623ஆம் ஆண்டு யான் கார்ஸ்டென்ஸ் என்ற டச்சு மாலுமி கடலில் இருந்தபடியே அந்தப் பனியைப் பார்த்தார். ஊர் திரும்பிச் சொன்னபோது, வெயில் கொளுத்தும் நாட்டில் பனியா என்று கேலி செய்தார்களாம். இன்று அந்தப் பனி மீண்டும் பேச்சுக்கு வந்திருக்கிறது. காரணம், அது தீரப்போகிறது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்த மலைத்தொடரில் சுமார் 20 சதுர கிலோமீட்டர் பனி இருந்தது. 2022இல் கால் சதுர கிலோமீட்டர்கூட மிச்சமில்லை. அவ்வளவு இடம் செந்தூலில் இருந்தால் அரை மணி நேரத்தில் நடந்தே சுற்றி வந்துவிடலாம். 2010இல் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர் லோனி தாம்சனின் குழு அங்கே கூடாரம் அடித்துப் பனியைத் துளையிட்டு ஆராய்ந்தது. குழு தங்கியிருந்த இரண்டு வாரத்துக்குள் பனியின் மேற்பரப்பு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தாழ்ந்தது. பனி விழ வேண்டிய உச்சியில் மழை பெய்தது.

இந்தோனேசியர்கள் அதை 'சல்ஜு அபாடி' என்பார்கள். மலாய் படித்த நமக்கு 'அபாடி' என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. என்றென்றும் இருக்கும் என்று பெயர் வைத்த பனி நம் கண்முன்னே முடிகிறது. அங்கு வாழும் அமுங்மே மக்களுக்கு அந்த மலை புனிதமானது. நமக்குக் கயிலை எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி.

சரி, பனிக்கட்டியை ஐஸ் கச்சாங்கில் மட்டுமே பார்த்து வளர்ந்த செந்தூல் பிள்ளைக்கு இதனால் என்ன? இந்தக் கேள்வியை மாணவர்கள் கேட்க வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். பேச்சுப் போட்டிக்காக மனப்பாடம் செய்யும் பதிலில் இதற்கு விடை கிடைக்காது.

பனியை உருக்கும் வெப்பம் பாப்புவாவுக்கென்று தனியாக வந்ததல்ல. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்ததும் காடுகளை அழித்ததுமே இதற்கு முக்கியக் காரணம். அந்த வாயு எந்த நாட்டிலிருந்து கிளம்பினாலும் உலகம் முழுவதும் பரவி வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட ஏறத்தாழ 1.5 பாகை செல்சியஸ் கூடுதல்.

காற்று ஒரு பாகை சூடானால் அதனால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்க முடியும். அந்த நீர் எப்படியும் கீழே வந்தாக வேண்டும். 2021 டிசம்பர் 18ஆம் தேதியை யாரும் மறந்திருக்க மாட்டோம். கோலாலம்பூரில் ஒரு மாதத்துக்கு மேல் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரை மேல் ஏறிப் படகுக்குக் காத்திருந்தார்கள். அந்தப் பருவத்து வெள்ளத்தில் நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. வெப்பம் ஒன்றே அதற்குக் காரணம் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அடைபட்ட கால்வாய்களுக்கும், சிமெண்டு பூசி மூடிய நிலத்துக்கும், தாமதமாக வந்த உதவிக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் சூடான உலகில் இத்தகைய பெருமழைகள் அடிக்கடி வரும் என்பதில் அறிவியலாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

கடலையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு குவளையில் ஐஸ் கட்டி போட்டு விளிம்புவரை நீர் ஊற்றுங்கள். மிதக்கும் கட்டி கரைந்தால் நீர் வழியாது. இன்னொரு குவளையை நீரால் நிரப்பி, மேலே ஒரு வடிகட்டியில் ஐஸ் கட்டியை வையுங்கள். அது கரையக் கரைய நீர் வழியும். மலைமேல் இருக்கும் பனி இந்த இரண்டாவது வகை. மலைப்பனி கரைவதும், கடல்நீர் சூடேறி விரிவதும், துருவப் பனி உருகுவதும் சேர்ந்து 1900ஆம் ஆண்டு முதல் கடல்மட்டத்தை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்த்தியுள்ளன. செந்தூலில் பெய்யும் மழை பத்து ஆற்றிலும் கோம்பாக் ஆற்றிலும் இறங்கி, கிள்ளான் ஆற்றோடு கலந்து, கிள்ளான் துறைமுகம் அருகே கடலை அடைகிறது. கடல் உயர்ந்து பெருக்கெடுத்து நிற்கும் நேரத்தில் ஆற்று நீர் வடிய வழி ஏது? கிள்ளானில் கரையோரம் வாழ்வோருக்கு இது பாடப்புத்தகச் செய்தி அல்ல.

இமயமலையும் நமக்குத் தூரமில்லை. சிந்துவும் கங்கையும் பிரம்மபுத்திராவும் அங்குள்ள பனியிலிருந்தும் நீர் பெறுகின்றன. நாம் விருந்துக்குச் சமைக்கும் பாஸ்மதி அரிசி அந்த ஆறுகள் பாயும் வயல்களில் விளைகிறது. நம் அடுக்குமாடியின் வாசலில் இரவெல்லாம் காவல் நிற்கும் நேப்பாள அண்ணன் அந்த மலை நாட்டிலிருந்து வந்தவர். 2023 அக்டோபரில் சிக்கிமில் தெற்கு லோனாக் என்ற பனி ஏரி உடைந்து தீஸ்தா ஆற்றில் பாய்ந்து, சுங்தாங்கில் இருந்த பெரிய அணையையே அடித்துச் சென்றது. வெப்பவாயு வெளியேற்றம் குறையாவிட்டால் இந்த நூற்றாண்டு முடிவதற்குள் இந்து குஷ் - இமயமலைப் பகுதியின் பனியாறுகள் தம் அளவில் 80 விழுக்காடு வரை இழக்கக்கூடும் என்று, காத்மாண்டுவில் இயங்கும் ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டுக்கான அனைத்துலக மையம் அதே ஆண்டு எச்சரித்தது.

இதில் நியாயமற்ற ஒன்று உண்டு. அமுங்மே மக்கள் எரித்த எண்ணெய் எவ்வளவு இருக்கும்? வெள்ளத்தில் முதலில் மூழ்குவது தாழ்வான பகுதியில் உள்ள தரைமாடி வீடு. வெயிலில் முதலில் வாடுவது குளிர்சாதனம் வாங்க முடியாத குடும்பம். சேதம் செய்தவரும் சேதப்படுபவரும் வேறு வேறு ஆட்கள். இன்று பத்து வயதாகும் பிள்ளை 2080களிலும் இந்த மண்ணில் இருக்கும். இன்று முடிவெடுப்பவர்களில் பெரும்பாலோர் அன்று இருக்க மாட்டார்கள்.

ஆகவே, இளையோர் உறிஞ்சுகுழல் வேண்டாம் என்று உறுதிமொழி எடுப்பதோடு நின்றுவிடக் கூடாது என்பது என் கருத்து. அது நல்லதுதான், போதாது. செந்தூலுக்கு எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., கே.டி.எம். மூன்றும் வருகின்றன. டியூஷனுக்கும் கடைத்தெருவுக்கும் காரைக் கேட்பதற்கு முன் அதை நினைக்கலாம். நம் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியையும் எரிவாயுவையும் எரித்துத்தான் கிடைக்கிறது. 2050க்குள் நிகர வெளியேற்றத்தைச் சுழியமாக்குவோம் என்று நாடு அறிவித்திருக்கிறது. அது எந்த வேகத்தில் நடக்கிறது என்று கேட்கலாம். கோலாலம்பூரின் வெள்ளத் தேக்கக் குளங்களின் நிலம் கட்டுமானத்துக்குக் கைமாறிய விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது. நம் வட்டாரக் குளங்களின் கதி என்ன என்றும் கேட்கலாம்.

கேட்கும் உரிமை உங்களிடம் இருக்கிறது. 18 வயதில் வாக்களிக்கும் உரிமை நம் நாட்டில் 2021 டிசம்பர் 15ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதற்கு மூன்றாம் நாள் அந்தப் பெருமழை பெய்தது. அன்று பள்ளியில் இருந்த பலர் இன்று வாக்காளர்கள். அடுத்த முறை வேட்பாளர் ஒருவர் உங்கள் அடுக்குமாடியின் கீழே நாற்காலி போட்டுப் பேச வரும்போது, கோயிலுக்கும் மண்டபத்துக்கும் என்ன தருவீர்கள் என்று பெரியவர்கள் கேட்பார்கள். மழைக்கு என்ன செய்வீர்கள் என்று நீங்கள் கேளுங்கள்.