நெடும்பாசேரியிலிருந்து டெல் அவீவ் எவ்வளவு தூரம்?

நெடும்பாசேரியிலுள்ள கொச்சி விமான நிலையத்திற்கும் டெல் அவீவின் பென் குரியன் விமான நிலையத்திற்கும் இடைப்பட்ட நேர்வான் தொலைவு ஏறத்தாழ 4,900 கிலோமீட்டர். மணிக்கு 850 கிலோமீட்டர் எனக் கொண்டு வகுத்தால் ஆறு மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவான விடை கிடைக்கும். புலம்பெயர்வு ஆய்வுகளில் இத்தகைய வகுத்தலையே தொலைவு என்று எழுதிவிட்டு நகரும் பழக்கம் உண்டு. அது போதாது.

பிற்காலத்தில் திருப்பூணித்துறையில் நிலைகொண்ட கொச்சி அரச மரபினர், மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டியே யூதர்களுக்கு இடமளித்தனர்; 1568இல் பரதேசி தொழுகைக்கூடம் அங்கு எழுந்தது. அச்சமூகத்தாருள் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து, நெவாத்திம், மெசிலத் சியோன் போன்ற ஊர்களில் குடியேறினர். யூத மலையாளத்தின் கடைசித் தலைமுறைப் பேச்சாளர்களைத் தேடும் மொழியியலாளர் இன்று செல்லவேண்டிய இடமும் அதுவே. ஆகவே இந்தத் தொலைவு வெறும் புவியியல் செய்தியன்று. களப்பணியின் செலவும் காலமும் அதனுள் அடக்கம்.

இவ்விரு முனைகளுக்கும் நடுவே அரேபியத் தீபகற்பம் கிடக்கிறது. இஸ்ரேல் செல்லும் விமானங்களுக்குச் சவூதி வான்வெளி பல பத்தாண்டுகள் மூடியிருந்தது. 2018 மார்ச் 22 அன்று ஏர் இந்தியாவின் டெல்லி விமானம் அதன் ஊடாக முதன்முறையாகச் சென்றது. டெல்லியும் மும்பையும் டெல் அவீவிலிருந்து சற்றேறக்குறைய ஒரே தொலைவில், அதாவது 4,050 கிலோமீட்டர் அளவில், உள்ளவை. எனினும் மும்பையிலிருந்து பறந்த எல் ஆல் விமானம் ஏடன் வளைகுடா, செங்கடல் வழியே சுற்றியே செல்ல நேர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணிநேரம் அதனால் கூடியது. ஒரே தொலைவு, இருவேறு கொடிகள், இருவேறு பயணநேரங்கள்! இது நேர்மையான போட்டியன்று என்று எல் ஆல் இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம்வரை சென்றது.

காற்றும் தன் பங்கைக் கேட்கும்தான். குளிர்காலத்தில் மேற்கு நோக்கிச் செல்லும் விமானத்தை எதிர்க்காற்று தாமதப்படுத்தும். திரும்புகையில் அதே காற்று துணைநிற்கும். ஆயினும் காற்றுக்குக் கடவுச்சீட்டு தெரியாது.

பழந்தமிழ் வழக்கு இதில் தெளிவாக இருந்தது. 24 நிமிடமாகிய நாழிகையில் நடந்து கடக்கும் தொலைவை ‘நாழிகை வழி’ என்றனர். மலையாளத்திலும் நாழிக என்பது காலத்துக்கும் தூரத்துக்கும் பொதுவான சொல். நடப்பவரையும் வழியையும் விட்டுவிட்டுத் தூரத்தைச் சொல்ல இயலாது என்ற புரிதல் அச்சொல்லிலேயே இருக்கிறது. ஆய்வேட்டில் பயணநேரத்தைக் குறிப்போர் ஆண்டையும் வழித்தடத்தையும் விமான நிறுவனத்தையும் சேர்த்தே குறிக்கவேண்டும். சவூதி அரேபியா 2022 ஜூலையில் எல்லா நிறுவனங்களுக்கும் தன் வான்வெளியைத் திறப்பதாக அறிவித்தது. அப்போதும் கிழக்கே ஓமன் வான்வெளி இஸ்ரேலிய விமானங்களுக்கு மூடியே இருந்தது. அது திறந்தது 2023 பிப்ரவரியில்தான்.