பிறர் பயன்படுத்திய பாய்

கல்வராயன் மலையடிவாரத்துக் கள்ளக்குறிச்சி இளைஞர் ஒருவர், பலகைமேல் நின்று கைப்பாயால் காற்றை வாங்கிக் கடலில் விரையும் பாய்ச்சறுக்கு விளையாட்டைப் பழக விழைந்தால், புதிய பாய்க்குக் கடன்பட வேண்டியதில்லை. பழகுங்காலத்தில் பாய்மீதே பன்முறை விழ நேரும். பிறர் பயன்படுத்திய பாயே அதற்குப் போதும். ஆயினும் மலிவென்று எதையும் வாங்கலாகாது. பாய்க்குக் காற்றினும் கொடிய பகை வெயில். ஒளிபுகும் பாலியெஸ்டர் படலம் புறஊதாக் கதிர்களால் நொய்ந்து, மடங்குமிடத்தில் விரிசலிடும். எனவே, வாங்கிய ஆண்டினும் வெயிலில் கிடந்த காலத்தையே வினவ வேண்டும். பாய்மரத்தின் நீளமும் வளைவும் பொருந்தாவிடில் புதுப்பாயும் வடிவிழக்கும். பந்தயத்திற்குச் செல்வோர் நிலை வேறு. 1984 முதல் ஒலிம்பிக்கில் உள்ள இவ்விளையாட்டில் குறித்த வகைக் கருவியே ஏற்கப்படும். 2024 பாரிஸ் போட்டியில் அவ்வகையும் மாறியது.