விளிம்பில் உள்ள எழுத்து

மாஸ்கோ நகரின் கிரெம்ளின் கோட்டைக்குள் ஆயுதசாலை அருங்காட்சியகம் உள்ளது. பெயர் ஆயுதசாலை என்றாலும், பழைய வெள்ளிப் பாத்திரங்களுக்கும் அது புகழ்பெற்றது. அவற்றுள் ஒன்று 'கோவ்ஷ்'. படகுபோல் நீண்டு, ஒரு பக்கம் கைப்பிடி உயர்ந்து நிற்கும் பாத்திரம் அது. பார்ப்பவரின் கண் முதலில் அதன் நடுவில் உள்ள இருதலைக் கழுகின்மீது பதியும். விளிம்பில் செதுக்கப்பட்ட எழுத்துகளைக் கவனிப்பவர் குறைவு. ஆனால், கோவ்ஷின் பெருமதிப்பு அந்த எழுத்துகளில்தான் இருக்கிறது.

தொடக்கத்தில் கோவ்ஷ் எளிய மக்களின் வீட்டுப் பொருள். ரஷ்யக் குடியானவர்கள் மரத்தைக் குடைந்து, நீரில் மிதக்கும் வாத்தின் வடிவில் அதைச் செய்தனர். தேன்மதுவை மொண்டு குடிக்க அது பயன்பட்டது. அகப்பையும் அதுவே, குவளையும் அதுவே. பின்னர் அரண்மனை விருந்துகளுக்காகப் பொன்னிலும் வெள்ளியிலும் செய்யப்பட்டது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டிலும் ஜார் மன்னர்கள் அதைப் பரிசாக வழங்கினர். வரி வசூலித்துக் கொடுத்த வணிகர்களும் எல்லையைக் காத்த கோசாக்கியப் படைத் தலைவர்களும் அதைப் பெற்றனர். யார் வழங்கியது, யாருக்கு, எந்தப் பணிக்காக என்பவை விளிம்பில் பொறிக்கப்பட்டன. குடிக்கும் பாத்திரம் பாராட்டுப் பத்திரமாகிவிட்டது!

அழகை மட்டும் ரசித்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். கொல்லரின் கைத்திறன் ரசிக்கத் தக்கதுதான். எனினும், அந்தக் கொல்லரே எழுத்துகளுக்குக் கட்டம் வரைந்து, சுற்றிலும் கொடியும் இலையும் செதுக்கி, விளிம்பில் தனி இடம் தந்திருக்கிறார். எழுத்தை விட்டுவிட்டு அலங்காரத்தை மட்டும் பார்ப்பது, கடிதத்தைப் பிரிக்காமல் உறையைப் பாராட்டுவது போன்றது.

யாயிக் ஆற்றங்கரையில் வாழ்ந்த கோசாக்கியர்கள் ஆண்டுதோறும் ஆற்று மீனையும் மீன்முட்டையையும் அரண்மனைக்குக் கொண்டு சென்றனர். அவர்களுடைய தலைவர்களுக்கு வெள்ளிக் கோவ்ஷ் கிடைத்தது. இது வெறும் நன்றி அன்று. கோசாக்கியர்கள் தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுத்து, சுதந்திரமாக வாழ்ந்து பழகியவர்கள். தொலைவில் இருந்த அவர்களைப் படையனுப்பி அடக்குவதைவிட, தலைவர்களைப் பரிசால் கட்டிப்போடுவது அரசுக்கு எளிதாக இருந்தது. விளிம்பில் உள்ள வாசகம் தலைவரின் விசுவாசத்தைப் புகழ்கிறது. அந்த மீனைப் பிடித்த சாதாரண கோசாக்கியரின் பெயர் அதில் இல்லை. ஊதியத்திலும் மீன்பிடி வரியிலும் தலைவர்கள் தங்களை ஏமாற்றுவதாக அவர் கொண்டிருந்த மனக்குறையும் அதில் இல்லை. ஆகவே, எழுத்தைப் படிப்பவர் அது யாருடைய குரல் என்றும் கேட்க வேண்டும்.

அந்த மனக்குறை 1772இல் கலகமாக வெடித்தது. அடுத்த ஆண்டு புகச்சோவ் என்பவரின் தலைமையில் பெருங்கிளர்ச்சி மூண்டது. பேரரசி கேத்தரின் அதை ஒடுக்கினார். நடந்தவை மறக்கப்பட வேண்டும் என்று, 1775இல் ஆற்றின் பெயரையே 'உரால்' என மாற்றினார். யாயிக் கோசாக்கியர்கள் உரால் கோசாக்கியர்கள் ஆயினர்.

ஆனால், அதற்கு முன்பே வழங்கப்பட்ட கோவ்ஷ்களின் விளிம்பில் 'யாயிக்' என்னும் பெயர் அழியாமல் இருக்கிறது. அதைப் பொறிக்கச் செய்ததும் அதே அரண்மனைதான்.