ஓசி வேனா, சொந்தக் காரா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலை மேல் இருக்கும் ரிசார்ட்டுக்கு அவர்களே வேன் அனுப்புகிறோம் என்று சொன்ன பிறகும் காரை எடுத்துக்கொண்டு போவது வசதி இல்லை, வீம்பு. இதைப் படித்துவிட்டு வகுப்பில் பாதிப் பேர் என்னை மொத்தப் போகிறார்கள். பரவாயில்லை. முழுசாகப் படித்துவிட்டு மொத்துங்கள் :-)

வெளியிலிருந்து படிப்பவர்களுக்காக விஷயம் இதுதான். கடைசி செமஸ்டர் முடிந்ததும் குன்னூர் பக்கம் ஒரு ரிசார்ட்டில் இரண்டு நாள் தங்குவதாக முடிவாகியிருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து மொத்தம் 22 பேர். மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்திலிருந்து மேலே ஏறவும் திரும்பி இறங்கவும் ரிசார்ட்டே வேன் தருகிறது, தனியாகக் காசு கிடையாது. இதைக் கேட்டதும் "வேன்னா ஸ்கூல் டூர் மாதிரி இருக்கும்டா, அஞ்சு கார் எடுப்போம்" என்று ஒரு கோஷ்டி கிளம்பிவிட்டது. அந்தக் கோஷ்டி சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் காரணம்: "கார்னா சுதந்திரம். நினைச்ச இடத்துல நிறுத்தலாம்."

எங்கே நிறுத்துவீர்கள்? மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். கல்லாறு பக்கம் யானைகள் சாலையைக் கடக்கும் இடம். வளைவுக்கு முன்னால் காரை ஓரங்கட்டி, கதவைத் திறந்து வைத்து, செல்ஃபி எடுக்கும் ஒரே ஒரு குடும்பத்தால் பின்னால் ஐம்பது வண்டி நிற்பதை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். அந்த ஐம்பது வண்டியில் இருப்பவர்களின் சுதந்திரத்தை யார் கணக்கில் எடுப்பது? மே சீசன்களில் ஏறுவதற்கு பர்லியார் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதையாகவே மாற்றியிருக்கிறார்கள். அப்படியும் நெரிசல் தீர்ந்தபாடில்லை. காரை ஓட்டுகிறவனுக்கோ மலையே தெரியாது. முன்னால் போகிற வண்டியின் பம்பர் மட்டும்தான் தெரியும்.

இரண்டாவது காரணம்: "ஷேர் பண்ணினா காரும் சீப்தான்."

சரி, கணக்குப் போடுவோம். குன்னூர் போய், ஊட்டியை ஒரு சுற்று சுற்றி, கோவைக்குத் திரும்ப ஏறக்குறைய 200 கிலோமீட்டர். மலையில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று வைத்தால் 17 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் ஒரு காருக்கு 1,700, ஐந்து காருக்கு 8,500 ரூபாய். வேனில் போனால் கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் பாசஞ்சர் ரயில் டிக்கெட் மட்டும்தான், ஒரு டீ காசு. மேலே போன பிறகு குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் அரசுப் பேருந்து ஓடுகிறது. 1908-ல் ஊட்டியை எட்டிய, 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய மலை ரயிலும் ஓடுகிறது. மிச்சமாகும் பணத்தில் 22 பேரும் வயிறு முட்டச் சாப்பிடலாம்.

மூன்றாவது காரணம்தான் எனக்குப் பிடித்தது: "ஓசியில எவனும் எதையும் தர மாட்டான். இதுல ஏதோ உள்குத்து இருக்கு."

இருக்கிறது, மறுக்கவில்லை. ஓசி என்பதாலேயே ஒரு பேருந்து நல்லதாகிவிடாது. சிங்கப்பூரில் சூதாட்ட விடுதிகள் 2010-ல் திறந்தபோது, செந்தோசாவில் இருந்த விடுதி குடியிருப்புப் பேட்டைகளிலிருந்து இலவசப் பேருந்து விட்டது. அதே வருடம் அரசாங்கம் தலையிட்டு நிறுத்தியது. வீட்டு வாசலுக்கே வந்து சூதாட அழைத்துப் போகும் வண்டி யாருடைய நன்மைக்கு என்று கேட்டார்கள், சரியான கேள்வி. அதே கேள்வியை நம் வேனிடமும் கேட்போம். நாம் ஏற்கனவே ரூம் போட்டாயிற்று. வேன் நம்மை வரவைக்கும் தூண்டில் இல்லை, வரப்போகிறவர்களை ஏற்றிப்போகும் வண்டி. அதன் டீசலும் டிரைவர் சம்பளமும் ரூம் வாடகையிலேயே ஒளிந்திருக்கின்றன. அப்படியென்றால் காரில் போகிறவர் வேனுக்கும் காசு கொடுத்துவிட்டு, பெட்ரோலுக்கும் தனியாகக் கொடுக்கிறார். உள்குத்து யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள்.

இதெல்லாம் நம் பர்ஸ் சம்பந்தப்பட்டது. உண்மையான விஷயம் அதைவிடப் பெரியது.

2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்று உத்தரவிட்டது, மே 7 முதல் அது அமலுக்கு வந்தது. சீசனில் ஒரு நாளைக்கு இருபதாயிரம் வண்டிகள் நீலகிரிக்கு ஏறுகின்றன என்ற கணக்குதான் நீதிபதிகளை அதிர வைத்தது. 2025 மார்ச்சில் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனுக்கு உச்சவரம்பே போட்டார்கள். ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

கவனியுங்கள், எண்ணப்பட்டது வண்டி, ஆள் இல்லை. இரண்டு பேர் போகிற காரும் ஒன்று, இருபது பேர் போகிற வேனும் ஒன்று. 6,000 காரில் நாலு நாலு பேராகப் போனால் 24,000 பேர். அதே 24,000 பேரை இருபது பேர் வேனில் ஏற்றினால் 1,200 வண்டி போதும். மீதி 4,800 வண்டிக்கான இடம் யாருக்கு வேண்டும்? கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு, நடக்க முடியாத பாட்டி தாத்தாவுக்கு, சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு. கார் அவர்களுக்குத் தேவை. இருபத்தொரு வயதில், முதுகில் ஒரு பையோடு போகிற நமக்கு என்ன தேவை?

அங்கே வாழ்கிறவர்களையும் நினைத்துப் பாருங்கள். நமக்கு அது டூர், அவர்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம் போகிற ரோடு, தேயிலை ஏற்றிப் போகிற ரோடு. ஊட்டியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்ததே 2025 ஏப்ரலில்தான். அதுவரை பெரிய வியாதி என்றால் கோவைக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த ஆம்புலன்ஸும் நம் கார் வரிசைக்கு நடுவில்தான் இறங்கியது.

"பேச நல்லாருக்கும், நடைமுறைக்கு ஒத்து வராது" என்பார்கள். மும்பைக்குப் பக்கத்தில் மாதேரான் மலைக்குப் போய்ப் பாருங்கள். தஸ்தூரி நாக்காவோடு கார் நின்றுவிடும், அதற்கு மேல் நடை, குதிரை, குட்டி ரயில். கூட்டம் குறையவில்லையே? ஆனால் அங்கே மனிதனை மனிதன் இழுக்கும் ரிக்‌ஷாவும் இருந்தது. ஆறு மாதத்தில் அதை ஒழிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் உத்தரவிட வேண்டியிருந்தது. காரை நிறுத்தினால் மட்டும் போதாது, பதிலுக்கு ஒழுங்கான வண்டி வேண்டும் என்பதுதான் இதில் பாடம். அமெரிக்காவின் சயான் தேசியப் பூங்கா அதைச் செய்தது. 2000-ல் பள்ளத்தாக்குக்குள் இலவசப் பேருந்து விட்டார்கள், அது ஓடும் மாதங்களில் சொந்தக் காருக்குத் தடை. உள்ளே இருக்கும் லாட்ஜில் தங்குகிறவர்களுக்கு மட்டும் அதுவரை போக அனுமதி. 2024-ல் எல்லாப் பேருந்தையும் மின்சாரப் பேருந்தாக மாற்றிவிட்டார்கள். கார் வெறி பிடித்த அமெரிக்காவிலேயே இது முடிந்திருக்கிறது.

நம் ஊரில் மேலே கேட்டைப் போட்டார்கள், கீழே போதுமான பேருந்தை விடவில்லை. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. சீசனில் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் காரில் போகத்தான் தோன்றும். ஆனால் அந்த வாதம் பஸ் கிடைக்காதவனுக்குத்தான் பொருந்தும். ஸ்டேஷன் வாசலில் நம் பெயர் எழுதிய அட்டையோடு ஒரு வேன் காத்திருக்கும்போது பொருந்தாது. வேன் காலியாக ஏறினால், அடுத்த வருஷம் "யாரும் வர்றதில்ல" என்று ரிசார்ட் அதை நிறுத்திவிடும். அப்புறம் கார் இல்லாதவன் என்ன செய்வான்? நம் 22 பேரில் வீட்டில் கார் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தீர்களா? கார் கோஷ்டியில் இடம் கிடைக்க அவர்கள் யாரிடம் போய்ப் பல்லிளிக்க வேண்டும்?

ஆகவே, வேன் நேரம் ஒத்துவரவில்லை என்றால் ரிசார்ட்டுக்கு போன் போட்டு நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். சீட் பத்தாது என்றால் இரண்டு நடை கேளுங்கள். பாட்டுப் போட விட மாட்டார்கள் என்றால் டிரைவர் அண்ணனிடம் நான் பேசுகிறேன். இத்தனைக்குப் பிறகும் காரில்தான் வருவேன் என்பவர்கள் "கெத்து" என்பதைத் தவிர வேறு ஒரு காரணம் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.