நூர்பர்க்ரிங் நேரத்தை நம்மட றோட்டில் காட்டாதீங்க

போன பெருநாளைக்கு மறுநாள் பொத்துவிலில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இரண்டு பேர் கைகலப்புக்குப் போகப் பார்த்தார்கள். காணிப் பிரச்சினையும் இல்லை, கட்சிப் பிரச்சினையும் இல்லை. நிசான் ஜி.டி.ஆர் கெதியா, போர்ஷ 911 கெதியா என்பதுதான் விஷயம். ஒருவன் "ஏழு இருபத்தொன்பது" என்கிறான். மற்றவன் "ஆறு நாற்பத்து மூணு, போடா" என்கிறான். இரண்டு பேருடைய வாப்பாமாரும் வயலையெல்லாம் சேர்த்து விற்றாலும் அந்தக் கார்களில் ஒன்றின் கதவைக்கூட வாங்க ஏலாது. அது பரவாயில்லை. வாங்க ஏலாததைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்றால் எங்கட வயசில் யாரும் வாயே திறக்க ஏலாது.

அந்தச் சண்டை முடிந்த விதம்தான் எங்களுக்குப் பிரச்சினை. ஒருவன் எழும்பி, "அதெல்லாம் கிடக்கட்டும் மச்சான், நான் அக்கரைப்பத்துக்கு எத்தின நிமிசத்தில போன எண்டு பாரு" எண்டு போனை நீட்டினான். ஸ்டொப்வொட்ச் படம். 30 நிமிசமும் கொஞ்சச் செக்கன்களும். ஜேர்மனியில் தொடங்கின கதை ஏ4 வீதியில் வந்து நின்றது. கடையில் இருந்த எல்லாரும் அந்தப் போனைக் கை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். நாங்களும்தான் பார்த்தோம்.

அந்தப் போனுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறோம்.

கார் பிடிக்காதவர்களின் உபதேசம் என்று நினைத்துப் பக்கத்தை மூடிவிடாதீர்கள். 2025 ஜனவரியில் அஜித் குமாரின் அணி துபாய் 24 மணித்தியாலப் பந்தயத்தில் 992 பிரிவில் மூன்றாவதாக வந்தபோது, விடியவிடிய முழித்திருந்து பார்த்தவர்கள் நாங்கள். அடுத்த நாள் ஒலுவில் கெம்பஸ் லெக்சரில் பாதிப் பேர் தூக்கம். காரின் குணத்தைச் சொல்லும் அளவுகளில் சுற்று நேரம்தான் ஓரளவுக்கு நேர்மையானது என்பதும் எங்கள் கருத்துத்தான். குதிரைவலு என்பது தாளில் எழுதுகிற எண். பூச்சியத்திலிருந்து நூறுக்கு எத்தனை செக்கன் என்பது நேர்கோட்டில் மட்டும் நடக்கிற கதை. ஒரு சுற்று ஓட வேண்டுமென்றால் இயந்திரம் மட்டும் போதாது. பிரேக் சூடாகி விட்டுக்கொடுக்கக் கூடாது, டயர் பிடிக்க வேண்டும், வளைவில் உடல் சாயக் கூடாது, மேட்டில் ஏறி இறங்கும்போது சக்கரம் தரையை விடக் கூடாது. நூர்பர்க்ரிங்கின் வடக்குச் சுற்று 1927இல் திறந்தது. ஏறக்குறைய 21 கிலோமீற்றர், எழுபதுக்கு மேல் வளைவுகள், காட்டுக்குள் ஏற்றமும் இறக்கமும். அங்கே நல்ல நேரம் எடுக்கிற கார் சும்மா கார் இல்லை. அதை ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் அந்த எண்ணைச் சொல்கிறவர்கள் அது எப்படி வந்தது என்று ஒரு தடவையாவது பார்த்தார்களா?

முதலில் தூரம். பல வருசமாக கார்க் கம்பனிகள் வடக்குச் சுற்றில் 20.6 கிலோமீற்றரைத்தான் ஓடி நேரம் சொன்னார்கள். பார்வையாளர் மேடைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நேர்பாதை கணக்கில் வராது. 2019இலிருந்துதான் முழுச் சுற்று, அதாவது 20.832 கிலோமீற்றர், நொத்தாரிசு ஒருவரின் சாட்சியோடு என்று வந்தது. 2021இல் மன்தாய் கிட் பூட்டின போர்ஷ 911 ஜி.டி.2 ஆர்.எஸ் ஓடியபோது இரண்டு எண்ணும் வெளியானது. குறுகின தூரத்துக்கு 6:38.835, முழுத் தூரத்துக்கு 6:43.300. அதே கார், அதே ஓட்டம், நாலரைச் செக்கன் வித்தியாசம். எங்கட ஆட்கள் தங்களுக்குப் பிடித்த காருக்குச் சின்னத் தூரத்து நேரத்தையும் பிடிக்காத காருக்குப் பெரிய தூரத்து நேரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு "ரெண்டு செக்கன் கூட" எண்டு சத்தம் போடுவார்கள்.

அடுத்தது, யார் ஓட்டினது என்பது. 2008இல் நிசான், தன் ஜி.டி.ஆர் 7:29 எடுத்தது என்று அறிவித்தது. போர்ஷ அதை நம்பவில்லை. ஒரு ஜி.டி.ஆரை வாங்கி அதே பாதையில் தன் ஆளை வைத்து ஓட்டிப் பார்த்து, 7:54தான் வருகிறது என்றது. கடையில் வாங்கினது இப்படி ஓடாது என்றது போர்ஷ. உங்கட ஆளுக்கு ஓட்டத் தெரியாது, வேண்டுமென்றால் நாங்கள் பழக்கிவிடுகிறோம் என்கிற மாதிரி நிசான் பதில் சொன்னது. யார் பக்கம் நியாயம் என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒரே பெயர் உள்ள காருக்கு, ஒரே பாதையில், உலகத்தின் இரண்டு பெரிய கம்பனிகள் எடுத்த நேரத்துக்கு நடுவில் 25 செக்கன் கிடக்கிறது. நீங்கள் கடையில் இருந்து சண்டை பிடிப்பது மூன்று செக்கனுக்கு.

இதைவிட நல்ல கதை சபீன் ஷ்மிட்ஸ் உடையது. அந்தப் பாதைக்குப் பக்கத்து ஊர்க்காரி. நூர்பர்க்ரிங் 24 மணித்தியாலப் பந்தயத்தை 1996இலும் 1997இலும் வென்ற அணியில் ஓட்டினவர். 2021இல் காலமானார். டொப் கியர் நிகழ்ச்சியில் ஜெரமி கிளார்க்சன் பாடுபட்டு ஒரு ஜாகுவார் டீசல் காரை 9:59க்கு ஓட்டினார். அதே காரைச் சபீன் 9:12க்கு ஓட்டினார். பிறகு அவர் ஒரு ஃபோர்ட் ட்ரான்சிட் வேனை எடுத்தார். சாமான் ஏத்துற வேன், எங்கட கல்யாண வீடுகளுக்கு ஆள் ஏத்துற டொல்பின் வேனுக்குச் சொந்தக்காரன் மாதிரி ஒண்டு. அதில் 10:08. கிளார்க்சனின் ஜாகுவாருக்கு ஒன்பதே செக்கன் பின்னால்! இதைச் சொன்னவுடன் எங்கட கூட்டத்துப் பெண் பிள்ளைகள் கேட்டது: "நீங்க இவ்வளவு நாளும் சண்டை பிடிச்ச எந்த லிஸ்ட்லயும் இவட பேர் ஏன் இல்ல?" பதில் சொல்ல எங்களுக்கு முகமில்லை. லிஸ்டில் காரின் பெயர்தான் இருக்கும்.

பிறகு, எந்தக் கார் என்பதும் கேள்வி. நம்மில் பாதிப் பேர் கையில் போனாக இருக்கும் ஷவோமி இப்போது காரும் செய்கிறது. 2024 கடைசியில் எஸ்.யு.7 அல்ட்ரா 6:46.874 என்று செய்தி வந்தது. ஊரே கொண்டாடியது. அது முன்மாதிரிக் கார், உள்ளே எல்லாத்தையும் கழற்றிப் பந்தய டயர் போட்டது. விற்பனைக்கு வந்த கார் 2025இல் எடுத்தது 7:04.957. பெயர் ஒன்று, நடுவில் 18 செக்கன். அதைவிட முக்கியமானது 2025 மே மாதம் நடந்தது. அந்தக் காரின் 1548 குதிரைவலுவை 900 அளவுக்கு மென்பொருளால் குறைத்து, முழுவதும் வேண்டுமென்றால் பந்தயத் தடத்தில் குறித்த நேரத்துக்குள் ஒரு சுற்று ஓடிக் காட்ட வேண்டும் என்று அந்தக் கம்பனி சொன்னது. காசு கொடுத்து வாங்கினவர்கள் கொதித்தெழ, அதைக் கைவிட்டது. நேரத்தை வைத்து விளம்பரம் செய்தவனே, அந்த வேகத்தை எல்லார் கையிலும் கொடுக்கப் பயந்தான்.

சுற்று நேரம் உண்மையாக இருப்பது ஒரு வேலிக்குள்ளேதான். அளந்த தூரம், மூடின பாதை, எதிரே ஒரு வாகனமும் இல்லை, வளைவுக்கு வளைவு கொடி பிடித்த ஆள், பக்கத்தில் அம்புலன்ஸ், பாதையை ஆயிரம் தடவை ஓடிப் பழகின ஓட்டுநர். நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இலிருந்து நடக்கிறது. அங்கேகூட றோட்டை மூடி, மணிக்கூட்டுக்கு எதிராகத் தனித்தனியாகத்தான் விடுவார்கள். எங்கட ஆட்கள் வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எண்ணை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

வேலி இருந்தும் என்ன நடக்கும் என்று பார்க்கத் தூரம் போகத் தேவையில்லை. 2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை, தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில். ஒழுங்கு செய்த பந்தயம், பெயர்பெற்ற தடம், பயிற்சி உள்ள ஓட்டுநர்கள். ஒரு கார் தடத்தை விட்டுச் சனத்துக்குள் போனது. ஏழு பேர் மௌத்து. அதில் ஒரு சின்னப் பிள்ளை.

இப்ப நம்மட றோட்டைப் பாருங்க. பொத்துவிலிலிருந்து கோமாரி, திருக்கோவில், தம்பிலுவில் தாண்டி அக்கரைப்பற்று, கிட்டத்தட்ட 45 கிலோமீற்றர். பின்னேரம் சூடு ஏறின தார், இராவில் மாடுகளுக்குப் பாய். அறுவடைக் காலத்தில் பாதி றோட்டில் நெல் காயும். பின்னால் லைட் இல்லாத லேண்ட்மாஸ்டர். இஷா முடிந்து பள்ளியிலிருந்து வருகிற வயசாளிகள். கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிற காலத்தில் கூட்டம் கூட்டமாக ஓரத்தில் நடக்கிற சனம். இதெல்லாம் ஸ்டொப்வொட்ச் படத்தில் தெரியாது.

கணக்கும் பார்ப்போம். 60இல் போனால் 45 நிமிசம். 30 நிமிசத்தில் போக வேண்டுமென்றால் சராசரி 90. சராசரி! சந்திகளிலும் ஊருக்குள்ளும் மெதுவாக்கினதை ஈடுகட்ட வெறும் றோட்டில் 110, 120 தொட வேண்டும். 90இல் ஒரு செக்கனுக்கு 25 மீற்றர் ஓடும். மாட்டைக் கண்டு கை பிரேக்குக்குப் போகும் முன்னம் அந்த 25 மீற்றர் போய்விட்டது. அதுக்குப் பிறகு நிற்க எடுக்கும் தூரம் 60இல் நிற்பதைப்போல ஒன்றரை மடங்கு என்று நினைப்பீர்கள். இரண்டேகால் மடங்கு. வேகம் ஒரு பங்கு கூடினால் நிறுத்த வேண்டிய சக்தி அதன் வர்க்கமாகக் கூடும் என்று ஏ.எல்லில் மெத்ஸ் செய்தவன்தான் போனை நீட்டினான். நாங்கள் ஆர்ட்ஸ்காரர், எங்களுக்குத் தெரிந்ததே இவ்வளவுதான்.

இவ்வளவு பாடுபட்டு மிச்சம் பிடித்தது 15 நிமிசம். அந்த 15 நிமிசமும் அக்கரைப்பற்றில் பிளேன்டீ குடிக்கத்தான் போகிறது.

"நீங்க பயந்தவங்கடா" எண்டு சொல்வீர்கள். அஜித்தைப் பிடித்தவர்களிடமே கேட்கிறோம். துபாயில் பயிற்சி ஓட்டத்தில் பிரேக் விட்டு அவருடைய கார் மோதிச் சுழன்ற வீடியோவை எத்தனை தடவை பார்த்தீர்கள்? அதுக்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதை எத்தனை பேர் பார்த்தீர்கள்? அணிக்காகவும் தன் உடம்புக்காகவும் அந்த 992 காரின் ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கி நின்றார். மற்றவர்கள் ஓட்டி அணி மூன்றாவதாக வந்தது. அவர் இன்னொரு பிரிவில் வேறு காரை ஓட்டினார். 24 மணித்தியாலப் பந்தயத்தில் ஒரு சுற்றை ஆகக் கெதியாக ஓடினவனுக்குக் கிண்ணம் இல்லை, காரை முடிவுக்குக் கொண்டுவந்தவர்களுக்குத்தான்.

சுற்று நேரத்தைக் கதையுங்கள், நாங்களும் வருகிறோம். கதைக்கும்போது தூரம் எது, டயர் எது, ஓட்டினது யார் என்று சேர்த்துச் சொல்லுங்கள். அந்தச் சண்டை இன்னும் ருசியாக இருக்கும். எங்களுக்குக் கிட்ட ஒரு மூடின தடம் வேண்டும் என்று கேட்கப் போகிறீர்கள் என்றால் கையெழுத்து வைக்க நாங்கள் முன்னால் நிற்போம். ஆனால் ஏ4இல் எடுத்த நேரத்தை ஒருவன் நீட்டினால் அந்தப் போனை வாங்கிப் பார்க்காதீர்கள். பார்க்கிறவன் இருக்கிறதாலதான் அவன் ஓடுறான். அன்றைக்கு நாங்களும் பார்த்தோம் என்று மேலே எழுதியது சும்மா இல்லை.

எங்கட கூட்டத்தில் ஒருவன் இருக்கிறான். பெயர் எழுதமாட்டோம். போன வருசம் இதே மாதிரி நேரம் வைத்து வெளிக்கிட்டான். கோமாரிக்கு அங்கால், இராவு பத்து மணி, மாடு. தொடை எலும்பில் கம்பி வைத்திருக்கிறது. ஒரு செமஸ்டர் போனது. லீசிங் கட்ட பைக்கும் இல்லை, தவணை மட்டும் இருக்கிறது, உம்மாட காப்பு அடகில். ஆனால் தேத்தண்ணிக் கடையில் அவன் இன்னும் ராசா. கோமாரி வரைக்கும் அவன்ட டைமை ஒருத்தரும் உடைக்கல்லயாம். கோமாரி தாண்டி அவன் போய்ச் சேரவில்லை என்பதை அங்கே யாரும் சொல்வதில்லை.

அடுத்த மாசம் கம்பி எடுக்க அவனைக் கூட்டிக்கொண்டு போகிறோம், பஸ்ஸில். எத்தனை நிமிசம் எடுத்தது எண்டு வந்து கேக்காதீங்க.