நீங்க எந்தப் பக்கம்?

வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிறவனிடம் பணத்தைப் பற்றி மட்டும்தான் கேட்பார்கள் என்று நினைக்காதீர்கள். பாஸ்புக்கில் வரவு பதிந்து கொடுப்பதற்குள் ஊரில் உள்ள சந்தேகமெல்லாம் வந்துவிடும். பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடம் தேவலை? மூட்டுவலிக்கு எந்த டாக்டர்? மோட்டார் காயில் கட்ட ஒழுங்கான ஆள் யாரு? பைபாஸ் பக்கம் பிளாட் வாங்கிப் போடலாமா? அருப்புக்கோட்டைக்கு மாற்றலாகி வருகிறவர்கள் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு: "சார், குடும்பத்தோட இருக்க நல்ல ஏரியா எது?"

கேள்வியில் குற்றமில்லை. மனுசன் மனுசனைக் கேட்டுத்தான் பிழைக்க வேண்டும். பந்தல்குடி ஸ்டாப்பில் இறங்குகிறவன் டீக்கடையில் வழி கேட்கிற மாதிரிதான் இதுவும். குற்றம் பதிலில் இருக்கிறது.

ஒரு வாத்தியார் இப்படிக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் வரிசையில் பின்னால் நின்ற பெரியவர் முந்திக்கொண்டார். "அந்தப் பக்கம் வேண்டாம் சார், ஆளுக ஒரு மாதிரி. இந்தப் பக்கம் பாருங்க. எல்லாம் டீசன்ட்டான குடும்பம். நம்மாளுக வீடே நாலஞ்சு காலியாக் கெடக்கு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "என்ன சார், சரிதான?" என்றார். அவர் 'ஒரு மாதிரி' என்று சொன்ன பக்கம்தான் என் பக்கம் என்பது அவருக்குத் தெரியாது.

தோழர்களே, இந்தப் பேச்சுக்கு ஒரு அகராதி போட வேண்டும். 'நல்ல ஏரியா' என்றால் நாம் இல்லாத ஏரியா. 'சுத்தமான குடும்பம்' என்றால் மாட்டுக்கறி வேகாத வீடு. 'ஆளுக ஒரு மாதிரி' என்றால் கூனிக் குறுகி நிற்காமல் நிமிர்ந்து பதில் பேசுகிற ஆட்கள். 'ஃபேமிலிக்கு மட்டும்' என்று போர்டு தொங்கினால், பெண்டாட்டி பிள்ளையோடு போனாலும் நாம் ஃபேமிலி இல்லை. இத்தனையும் சொல்லி முடித்த வாயில் 'சாதி' என்ற சொல் ஒரு தடவைகூட வந்திருக்காது. அதுதான் நகரத்துச் சாதியின் சாமர்த்தியம். கிராமத்தில் அது கம்பு எடுத்து வரும். டவுனில் 'நல்லது சொல்றேன் கேளுங்க' என்று தோளில் கை போட்டு வரும்.

இன்னொரு கேள்வியும் அக்கம்பக்கத்தில் கேட்பதுண்டு. "செப்டிக் டேங்க் நெறஞ்சு போச்சு, ஆள் யாரும் தெரியுமா?" வாடகைக்கு வீடு என்றால் நம்முடைய தெரு அவர்களுக்குத் தெரியாது. சாக்கடை அடைத்துக்கொண்டால் மட்டும் தெருப்பெயர், வீட்டு அடையாளம், போன் நம்பர் எல்லாம் வாயில் வருகிறது. மனிதரை மலக்குழிக்குள் இறக்கக் கூடாது என்று 2013இல் சட்டமே போட்டாகிவிட்டது. அப்புறமும் அந்த நம்பர் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. இவர்களுடைய நல்ல ஏரியாவை நல்ல ஏரியாவாக வைத்திருப்பது யாருடைய கை? அந்தக் கைக்கு அங்கே ஒரு சாவி கிடையாது.

*

என் மேசையில் ஒரு படிவம் இருக்கிறது. புதுக் கணக்குத் தொடங்குகிற படிவம். அதில் சாதிக்கென்று கேட்டிருக்கிற கட்டத்தைக்கூட யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவசியமும் இல்லை. முகவரி என்கிற கட்டம் போதும். கீழத்தெரு, மேலத்தெரு, காலனி. தெருவைப் படித்தால் ஆளைப் படித்தாயிற்று. கடன் கேட்டு வருகிறவரின் முகவரியில் 'காலனி' என்று இருந்தால் பார்க்கிறவர் புருவம் எப்படி ஏறுகிறது என்பதை இத்தனை வருசமாகப் பக்கத்து நாற்காலியில் இருந்து பார்க்கிறேன்.

இதில் ஒரு வேடிக்கை. எந்த டவுனுக்குப் போனாலும் பேங்க் காலனி, என்.ஜி.ஓ. காலனி, டீச்சர்ஸ் காலனி என்று இருக்கும். அங்கே 'காலனி' என்றால் மதிப்பு. சதுர அடிக்கு விலை கூடும். முன்னால் ஒரு சொல்லும் ஒட்டாமல் வெறும் 'காலனி' என்றால் சேரி. ஒரே சொல்தான். உள்ளே இருக்கிற ஆளை வைத்து அதன் விலை ஏறி இறங்குகிறது.

இந்தச் சொல்லை யார் நம் மேல் ஒட்டியது? அரசாங்கமும் சேர்ந்துதான் ஒட்டியது. நமக்கு வீட்டுமனை கொடுக்க நிலம் எடுப்பதற்கென்றே 1978இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. மனை கிடைத்தது, மறுக்கவில்லை. ஓலைக் குடிசையில் கிடந்தவர்களுக்குச் சுவர் கிடைத்தது. ஆனால் மனை எங்கே கிடைத்தது? ஊரை விட்டுத் தள்ளி, ஊர்க்காரன் விட்டுக்கொடுத்த இடத்தில். ஊர், சேரி என்று இருந்ததை ஊர், காலனி என்று பட்டா போட்டுக் கொடுத்தார்கள். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது, வரவேற்போம். ஆனால் சொல்லை அழித்தால் தூரம் அழிந்துவிடுமா? புதுப் பெயர் வைத்த மறுநாளே, "அதான் சார், பழைய காலனி" என்று வழி சொல்வார்கள்.

பெயரை அழிப்பதில் இந்த மண்ணுக்கு ஏற்கெனவே அனுபவம் உண்டு. 1997இல் இதே விருதுநகர் மாவட்டத்தில் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு மாவீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கிளம்பினார்கள் சாதி இந்துக்கள். கலவரம் மூண்டது. கடைசியில் அரசாங்கம் என்ன செய்தது? மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலும் இருந்த தலைவர்கள் பெயர்களை மொத்தமாக எடுத்துவிட்டது. தலித் பெயர் ஒன்றைச் சகிப்பதைவிட எந்தப் பெயரும் இல்லாமல் இருப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. நம் பெயர் எழுதின பஸ்ஸில் அரைமணி நேரம் உட்கார முடியாதவன், பக்கத்து வீட்டில் நம்மை உட்கார விடுவானா?

*

இனி என் கதை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனாலேயே எழுதுகிறேன்.

கல்யாணமான புதிதில் டவுனில் வீடு தேடினேன். பேங்க் வேலை என்றதும் கதவு திறந்தது. வீட்டுக்காரம்மா காப்பி கொடுத்தார்.

"சொந்த ஊரு எது தம்பி?"

"பந்தல்குடிங்க."

"பந்தல்குடில எந்தப் பக்கம்?"

"மெயின்ரோட்டுப் பக்கம்தாங்க."

பொய்யா? மதுரை-தூத்துக்குடி ரோட்டில்தான் ஊரே இருக்கிறது. சுண்ணாம்புக்கல் லாரிப் புழுதி ஊருக்கும் விழும், காலனிக்கும் விழும். ஆனால் அந்தம்மா எதைக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். நான் எதை மறைத்தேன் என்பதும் தெரியும். சாவி கிடைத்தது.

எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் அம்மாவை நான் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. 'லீவு இல்லை, நானே வாரேன்' என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு நாள் அதுவாகவே கிளம்பி வந்துவிட்டது, மஞ்சப்பையில் கம்பும் உப்புக்கண்டமும் எடுத்துக்கொண்டு. குழாயடியில் வீட்டுக்காரம்மா கேட்டிருக்கிறார், "பந்தல்குடில எந்தப் பக்கம்மா?" அம்மா சொல்லியிருக்கிறது, "காலனிதான் தாயி."

அன்று சாயங்காலமே சேதி வந்தது. "மகளுக்குக் கல்யாணம் பேசுறோம் தம்பி, வீடு எங்களுக்குத் தேவைப்படுது." நாங்கள் காலி செய்த பத்தாம் நாள் அதே வாசலில் 'வாடகைக்கு' போர்டு தொங்கியது.

இது நம்மில் யாருக்கும் புதுக் கதை இல்லை. வெட்கம் இதற்கு அப்புறம்தான். அன்று ராத்திரி எனக்குக் கோபம் வந்தது வீட்டுக்காரம்மா மேல் அல்ல. என்னைப் பெற்றவள் மேல். "ஏம்மா சொன்ன?" என்று கேட்டேன். மேடையில் சாதி ஒழிப்புக் கவிதை வாசிக்கிற வாயால் கேட்டேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தது. "கேட்டாக, சொன்னேன். நம்ம வீடு அங்கனதானப்பா இருக்கு?"

அந்த வார்த்தைக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

*

'டவுனுக்கு வந்தா சாதி கரைஞ்சிரும், படிச்சு வேலைக்குப் போனா எவன் கேக்கப் போறான்' என்று நமக்கே பாடம் நடத்துகிற முற்போக்குகள் இருக்கிறார்கள். அவர்களை 1917ஆம் வருசத்துப் பரோடாவுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பிய அம்பேத்கர், படிக்க வைத்த சமஸ்தானத்துக்கே உத்தியோகத்துக்கு வந்தார். அவருக்கும் முதல் கேள்வி இதேதான்: எங்கே தங்குவது? இந்து விடுதியில் இடம் இல்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராவது நாள் தடியோடு வந்து நின்றார்கள். தெரிந்த நண்பர்கள் இரண்டு பேரைக் கேட்டார். ஒருவர், 'நீ வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள்' என்றார். இன்னொருவர் மனைவியைக் கேட்க வேண்டும் என்றார். ஒரு பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலுக்குப் பம்பாய் திரும்பினார். அந்த நண்பர்கள் யாரும் கம்பெடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வருத்தத்தோடுதான் கைவிரித்தார்கள்.

சரி, அது பழைய காலம் என்பார்கள். 2012இல் டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் பேராசிரியர் சுகதேவ் தோரட்டும் மற்றவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே மாதிரித் தகுதியுள்ள ஆட்கள், வாடகைக்கு வீடு கேட்டார்கள். சாதியும் மதமும் மட்டும் வேறு. 2015இல் முடிவுகள் அச்சில் வந்தன. கேட்ட தலித்துகளில் நூற்றுக்கு 18 பேருக்கு நேரடியாக 'இல்லை'. 23 பேருக்குக் கூட வாடகை, கூட நிபந்தனை. முஸ்லிம்களில் 31 பேருக்கு 'இல்லை'. நாட்டின் தலைநகரத்துக் கதை இது. அருப்புக்கோட்டையை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

உத்தபுரத்தில் 1989இல் எழுப்பிய சுவரை எல்லோரும் பார்த்தோம். போராடினோம், 2008 மே மாதம் ஒரு பகுதியை இடித்தார்கள். செங்கல் சுவருக்கு நீளம் உண்டு, உயரம் உண்டு, கடப்பாரை போடலாம். 'நம்மாளுக்கு மட்டும் சொல்லிவிடுங்க' என்று வாய்வழியாகக் கட்டுகிற சுவரில் எங்கே கடப்பாரையை வைப்பது?

*

"என் வீடு, யாருக்குக் குடுக்கணுங்கிறது என் இஷ்டம்" என்கிறார்கள். இல்லை, அய்யா. 1955இல் வந்து, 1976இல் திருத்திக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறின சட்டத்தின் 4ஆம் பிரிவில் எட்டாவது உட்பிரிவை எடுத்துப் படியுங்கள். எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவது, வாங்குவது, குடியிருப்பது ஆகியவற்றில் தீண்டாமை காரணமாக ஒருவரைத் தடுத்தால் குற்றம். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. 12ஆம் பிரிவு அதைவிட முக்கியம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியாக இருந்தால் தீண்டாமைதான் காரணம் என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது எதிராளி.

அந்தச் சட்டத்தில் அபராதம் நூறு ரூபாய் முதல் அய்ந்நூறு வரை. இன்றைக்கு ஒரு கொத்தனாரின் ஒருநாள் கூலிகூட இல்லை. நம் மானத்துக்கு அரசாங்கம் போட்டு வைத்திருக்கிற விலை அதுதான் என்றாலும், சிறை என்ற சொல் அதில் இருக்கிறது. ஏன் யாரும் அதைக் கையில் எடுப்பதில்லை? சாட்சி இல்லை. 'மகளுக்குக் கல்யாணம்' என்று சொன்னால் எந்த நீதிபதி என்ன செய்வார்? ஆகவே சாட்சியை நாம் உண்டாக்க வேண்டும்.

மாணவத் தோழர்களே, தோரட் செய்ததை நீங்கள் ஒரு கோடை விடுமுறையில் உங்கள் டவுனில் செய்யலாம். 'வாடகைக்கு' போர்டு தொங்குகிற வீட்டுக்குக் காலையில் ஒருவர் போங்கள், காலனி என்று முகவரி சொல்லுங்கள். மத்தியானம் இன்னொருவர் போய் வேறு தெரு சொல்லுங்கள். யாருக்கு என்ன பதில் என்று தேதி, நேரத்தோடு எழுதுங்கள். அய்ம்பது வீடு எழுதினால் போதும். 'இங்கெல்லாம் சாதி கிடையாது' என்கிறவர் முகத்துக்கு நேரே நீட்டலாம்.

சொந்தமாக வீடு கட்டிவிட்ட நம்முடைய உத்தியோகஸ்தர்களுக்கும் ஒன்று. மாடியைக் கட்டி 'நம்மாள் வேண்டாம், வாடகை ஒழுங்கா வராது' என்று அவர்கள் பேச்சையே நீங்களும் பேசுகிறீர்கள். காதில் விழத்தான் செய்கிறது. வாசலில் அம்பேத்கர் படம், மாடிக்கு மட்டும் மனு தர்மமா?

எனக்கு நானே ஒரு தீர்மானம் வைத்துக்கொண்டேன். கவுண்ட்டரில் யாராவது நல்ல ஏரியா கேட்டால், "நான் இருக்கிற தெரு நல்ல தெரு, வாங்க" என்று சொல்கிறேன். எந்தத் தெரு என்று கேட்டால், பந்தல்குடியில் என் அம்மா இருக்கிற பக்கத்தையும் சேர்த்தே சொல்கிறேன். சிலர் சிரித்துக்கொண்டு நகர்கிறார்கள். சிலர் அடுத்த தடவை வேறு கவுண்ட்டருக்குப் போகிறார்கள். போகட்டும். கேட்டார்கள், சொன்னேன்.

சொல்லி முடித்ததும் நானும் ஒன்று கேட்கிறேன். சாதி இல்லை என்கிறவரை, வாடகைக்கு வீடு வைத்திருக்கிறவரை, மேடையில் எங்களோடு கைகோத்து நிற்கிற தோழரை, எல்லோரையும் கேட்கிறேன்.

நீங்க எந்தப் பக்கம்?