21 டாலர் துப்பாக்கி! பார்சலை வாங்கியது யார்?

விலை உயர்ந்த நீளத் துப்பாக்கியை ஓர் ஊரில் இருந்து இன்னோர் ஊருக்கு பத்திரமாக அனுப்புவது எப்படி?

நம் ஊரில் இந்தக் கேள்வி யாருக்கும் வராது. அமெரிக்காவில் இது அன்றாட விவகாரம். ரிப்பேருக்கு அனுப்புகிறார்கள். விற்று அனுப்புகிறார்கள். தாத்தா வைத்திருந்த வேட்டைத் துப்பாக்கியைப் பேரனுக்கு அனுப்புகிறார்கள்.

பார்சல் கட்டுவதில் அவர்கள் பலே கெட்டிக்காரர்கள்!

உள்ளே தோட்டா இல்லை என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கிறார்கள். ரைபிள் என்றால் 'போல்ட்' என்ற பாகத்தைக் கழற்றித் தனியாகச் சுற்றுகிறார்கள். இரட்டைக்குழல் துப்பாக்கி என்றால் குழல் வேறு, கட்டை வேறாகப் பிரித்து விடுகிறார்கள்.

மரக்கட்டையின் கழுத்துதான் சுலபத்தில் முறியும் இடம். அங்கே தாராளமாகப் பஞ்சு மெத்தை. குழலின் நுனி அட்டையைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். அங்கேயும் மெத்தை. துரு ஏறாமல் இருக்க லேசாக எண்ணெய். ஈரத்தை உறிஞ்ச சிலிக்கா பொட்டலம். எல்லாவற்றையும் கெட்டியான பெட்டியில் பூட்டி, அதன் மேல் சாதாரண அட்டைப்பெட்டி. தோட்டாவை அதே பெட்டியில் போடவே மாட்டார்கள்.

துப்பாக்கி நம்பரைக் குறித்து, போட்டோ எடுத்து, முழு விலைக்கும் இன்சூரன்ஸ் செய்கிறார்கள்.

பெட்டியின் மேல் "துப்பாக்கி" என்று மட்டும் எழுத மாட்டார்கள். எழுதினால் திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி! அப்படி லேபிள் ஒட்டச் சொல்லி பார்சல் கம்பெனிகள் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டமே இருக்கிறது.

எல்லாம் சரி. இவ்வளவும் துப்பாக்கிக்குப் பாதுகாப்பு. மனிதனுக்கு?

தபாலில் வந்த எமன்

1963-ம் ஆண்டு மார்ச் மாதம். டல்லாஸ் நகரில் இருந்த ஓர் ஆசாமி, பத்திரிகை விளம்பரத்தில் இருந்த கூப்பனைக் கத்தரித்து, சிகாகோவில் உள்ள ஒரு கடைக்கு அனுப்பினான். கூடவே 21 டாலர் 45 சென்டுக்கு மணியார்டர். ரைபிளுக்கும் தொலைநோக்கிக்கும் சேர்த்து விலை 19 டாலர் 95 சென்ட். பார்சல் செலவு ஒன்றரை டாலர்.

மார்ச் 20-ந் தேதி சிகாகோவில் இருந்து பார்சல் கிளம்பியது. விலாசம், டல்லாஸ் தபால் ஆபீசில் 2915-ம் நம்பர் பெட்டி. வாங்க வேண்டியவர் பெயர் ஏ.ஹைடெல்.

ஹைடெல் என்று ஒரு ஆளே கிடையாது! அது பொய்ப் பெயர். தபால் பெட்டி லீ ஹார்வி ஆஸ்வால்டு என்பவன் பெயரில் இருந்தது. பார்சலில் ஒரு பெயர், பெட்டிக்கு இன்னொரு பெயர். ஆனாலும் சரக்கு கை மாறியது.

அந்தப் பார்சலில் கீறல் இல்லை. உடைசல் இல்லை. கட்டியவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எட்டு மாதம் கழித்து, நவம்பர் 22-ந் தேதி, அந்தத் துப்பாக்கியால்தான் ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார் என்று வாரன் கமிஷன் முடிவு சொன்னது.

அன்று காலை ஆஸ்வால்டு அதே துப்பாக்கியைக் கழற்றி, பழுப்புக் காகிதத்தில் சுற்றி, வேலை செய்த கட்டடத்துக்குக் கொண்டு போனான் என்றும் கமிஷன் சொன்னது. காரில் அழைத்துப் போன இளைஞர் "என்னப்பா அது?" என்று கேட்டதற்கு, "ஜன்னல் திரைக் கம்பி" என்று பதில் சொல்லியிருக்கிறான்.

இரண்டு தடவை பார்சல். இரண்டு தடவையும் பொய். இரண்டு தடவையும் பிரித்துப் பார்க்க ஆள் இல்லை.

5 ஆண்டு தூக்கம்

இதற்குப் பிறகாவது விழித்தார்களா? இல்லை!

கைத்துப்பாக்கியைத் தபாலில் அனுப்ப 1927-லேயே அமெரிக்கா தடை போட்டது. நீளத் துப்பாக்கியை விட்டுவிட்டார்கள். தபால் மூலம் துப்பாக்கி விற்பதைக் கட்டுப்படுத்த செனட்டர் தாமஸ் டாட் 1963 ஆகஸ்டில் ஒரு மசோதா கொண்டு வந்தார். அதிலும் ரைபிள் இல்லை. கென்னடி செத்த பிறகுதான் அதைச் சேர்த்தார்கள். சேர்த்தும் மசோதா கிடப்பில் கிடந்தது.

1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். ஜூனில் கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடியும் சுடப்பட்டார். அதன் பிறகே, அக்டோபர் 22-ந் தேதி, துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டார்.

அதன்படி, வெளி மாநிலத்தில் இருந்து வாங்கும் துப்பாக்கி நேராக வீட்டுக்கு வராது. லைசென்சு உள்ள வியாபாரிக்குத்தான் போகும். அவர் ஆளைப் பார்த்து, அடையாளச் சீட்டைப் பார்த்து, கணக்கில் எழுதிக் கொடுக்க வேண்டும். 1998 முதல், வாங்குபவர் மீது குற்றப் பதிவு உண்டா என்று அங்கேயே விசாரிக்கும் முறையும் வந்தது.

"வியாபாரிக்குக் கட்டணம் அழ வேண்டியிருக்கிறது, அலைச்சல் வேறு" என்று அங்கே சிலர் முணுமுணுக்கிறார்கள். "ஆஸ்வால்டு உள்ளூர்க் கடையிலேயே வாங்கியிருக்கலாமே, சட்டம் என்ன செய்திருக்கும்?" என்றும் கேட்கிறார்கள்.

வாங்கியிருக்கலாம்தான். ஆனால் கடைக்காரர் அவன் முகத்தைப் பார்த்திருப்பார். தபால் பெட்டிக்கு முகம் தெரியாது. அதுதான் வித்தியாசம்!

ஓட்டை இன்னும் அடைபடவில்லை. ஒரே மாநிலத்துக்குள் ஒருவர் இன்னொருவருக்கு ரைபிளைத் தபாலில் அனுப்ப மத்திய சட்டம் இன்றும் இடம் கொடுக்கிறது. வாங்குபவர் கையெழுத்துப் போட்டால் சரி. கையெழுத்து யாருக்குத்தான் போடத் தெரியாது? ஹைடெல் பெயரிலும் ஆஸ்வால்டுதான் கிறுக்கினான்.

நம் நாட்டில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்சு இல்லாதவர் துப்பாக்கியைத் தொடவே முடியாது. சொந்தத் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்க வேண்டுமானால் கலெக்டருக்கோ போலீஸ் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்து, 45 நாள் காத்திருக்க வேண்டும். தாமதம்தான். ஆனால் வாங்குபவர் யார் என்று சர்க்காருக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆஸ்வால்டின் துப்பாக்கி இன்று மேரிலாந்தில், அமெரிக்க அரசின் ஆவணக் காப்பகத்தில் பலத்த பாதுகாப்பில் இருக்கிறது. 21 டாலருக்கு வந்த அதை, கொலைக்குப் பின் ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்து வாங்க ஒரு செல்வந்தர் முயன்றார். அரசு 1965-ல் தனிச் சட்டம் போட்டு அதைத் தன் வசம் எடுத்துக்கொண்டது.

இப்போது யாரும் அதை நெருங்க முடியாது. அந்தக் காவலில் கால்வாசி, 1963-ல் அந்தத் தபால் ஆபீஸ் ஜன்னலில் இருந்திருக்க வேண்டும்.

பெட்டி உடைந்தால் இன்சூரன்ஸ் பணம் வரும். கை மாறிப் போனால் உயிர் திரும்பி வருமா?